‘நன்றாக’ என்றால் எத்தனை மணி

வளாகச் சிகிச்சையறைப் படிவத்தில்
மூன்று குறிக்கோளுக்கு மூன்று கோடு.
முதல் கோட்டில்
நன்றாகத் தூங்குவேன் என்று எழுதினேன்.
தாதி ம்கிஸே கண்ணாடியை இறக்கி
‘நன்றாக’வின் மேல் பேனா முனையை வைத்துக் கேட்டாள்:
இது எத்தனை மணி?

புள்ளியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறவள் நான்.
வெட்கமாகத்தான் இருந்தது.

தூக்கம் ஏழு மணி.
தண்ணீர் ஆறு கோப்பை.
நாளுக்கு ஏழாயிரம் அடி.
நான்காவதாக, இனி இனிப்பையே தொடமாட்டேன் என்று
ஓரத்தில் நுணுக்கி எழுதப்போனேன்.
அடித்துவிட்டாள்.
மூன்றே உனக்கு அதிகம், கவுண்டர், என்றாள்.

வெள்ளி மாலை டோங்காட் டாக்ஸியில்
பதினைந்து பேருக்கு நடுவே
மடியில் பையோடு உட்கார்ந்தபடியே
இரண்டாயிரத்து நூறு அடி நடந்திருக்கிறேன்.
கைபேசி சொல்கிறது.
சாலைப் பள்ளங்கள் வாழ்க.
கழித்துவிடலாமா என்று யோசித்தேன்.
அந்த வாரம் கழிக்கவில்லை.

புதன்கிழமை ஆப்பிளைக் குரங்கு தின்றது.
நூலக வாசலில் கையிலிருந்து பறித்துக்கொண்டு
கூரையில் உட்கார்ந்து
என்னைப் பார்த்துக்கொண்டே, அவசரமில்லாமல்.
அதன் கணக்கில் யாராவது ஒரு டிக் போடுங்கள்.

தூக்கக் கணக்கு இப்படி:
திங்கள் மூன்று, செவ்வாய் நான்கு, புதன் ஐந்து,
வியாழன் ஏழு, வெள்ளி ஆறு,
சனி பதினொன்று, ஞாயிறு பதின்மூன்று.
கூட்டி ஏழால் வகுத்தால்
ஏழு.
பிசிறில்லாத ஏழு.
பச்சை மையில் வட்டமிட்டு நீட்டினேன்.
அவள் சராசரியைப் பார்க்கவேயில்லை.
திங்கள் இரவு என்ன ஆச்சு? என்றாள்.

திங்கள் இரவு
லிண்டிவேயின் தாளைப் பார்த்துவிட்டேன்.
ஒரே அறை, எதிர்க் கட்டில்,
உலுண்டியிலிருந்து வந்தவள்; அவளும்
இதே படிவத்தை வாங்கியிருந்தாள்.
கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது.
அடி: பதினோராயிரம், பன்னிரண்டாயிரம், பதினோராயிரம்.
தண்ணீர்: ஒன்பது, ஒன்பது, பத்து.
எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தது.
நான் ஆறு கோப்பைக்கே முக்குகிறேன்,
நீ எப்படி? என்று சிரித்தேன்.

உதவிப்பணம் இன்னும் வரவில்லை, என்றாள்.
வாரக் கடைசி வேலைக்குப் போக டாக்ஸிக்குக் காசில்லை,
அதனால் அடி.
ராத்திரி வயிறு சத்தம் போடுகிறது,
அதனால் தண்ணீர்.

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.
தாளில்
பசிக்கென்று ஒரு கட்டம் இல்லை.
மூன்று மணி வரை
என் பிஸ்கட் டப்பாவைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.
எழுப்பிக் கொடுக்கவும் தெரியவில்லை.
திறந்து தின்னவும் முடியவில்லை.

பாதியை மட்டும் தாதியிடம் சொன்னேன், பெயரை விட்டு.
அவள் மேசை இழுப்பறையைத் திறந்து
உணவுப் பொதிக்கான சீட்டு ஒன்றைக் கிழித்துத் தந்தாள்.
பெயரிடத்தைக் காலியாகவே விட்டாள்.
பிறகு, தான் அடித்த வரிக்குக் கீழே விரலை வைத்து
இங்கே ஒன்று எழுதலாம், எண்ணக்கூடியதாக, என்றாள்.

இரவுச் சாப்பாடு, இரண்டு தட்டு
என்று எழுதினேன்.

ஒற்றை அடுப்பு, ஒற்றைச் சட்டி.
பருப்பு, சோறு, டின் மீன் கறி.
என் காரத்துக்கு அவள் கண்ணில் நீர் வந்தது;
அதை ஆறு கோப்பையில் சேர்க்கலாமா என்று கேட்டாள்.

முதல் வாரம் ஏழுக்கு நான்கு.
ஒரு நாள் மின்சாரம் இல்லை.
ஒரு நாள் சண்டை: நான் காசை எண்ணியதை
அவள் பார்த்துவிட்டாள்.
ஒரு நாள் என்னிடமும் ஒன்றுமில்லை,
இருவரும் தண்ணீர் குடித்தோம்.

அடுத்த வாரம் ஏழு, என்று எழுதப்போனேன்.
ஐந்து என்று எழுது, என்றாள் தாதி.
ஐந்து என்றே எழுதியிருக்கிறேன்.
டாக்ஸியில் நடந்ததையும்
கழித்துவிட்டேன்.